மைனஸ் நாலு பேர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மன்னிப்புக் கடிதம் அல்ல. என் அக்கா கல்யாணத்தின்போது நடந்ததற்கு நான் கேட்க வேண்டிய மன்னிப்பையெல்லாம் என் அம்மாவே ஊர் ஊராகப் போய் எனக்கும் சேர்த்துக் கேட்டு முடித்துவிட்டாள். எனக்கு மிச்சம் வைக்கவில்லை. என் கட்சி அன்றைக்கு எதுவோ அதேதான் இன்றைக்கும். நான் கேட்ட கேள்வி தப்பில்லை. கேட்ட நேரம் தப்பு, கேட்ட ஆள் தப்பு என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஒரு படி இறங்க மாட்டேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் முடிந்திருந்தது. கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோவது என்று எல்லா விசேஷத்துக்கும் போனிலேயே அழைப்பு அனுப்புகிற ஒரு செயலியை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். (பெயர் சொல்ல மாட்டேன். அவர்களிடம் வக்கீல் இருக்கிறார், என்னிடம் அம்மாதான் இருக்கிறாள்.) ஆறாவது மாதக் கடைசியில் மேனேஜர் உட்கார்ந்து பேசி, நீ தேறுவாய், தேறமாட்டாய் என்று சொல்வார். தேறினால் வேலை நிரந்தரம். அதற்குள் எதையாவது சாதித்துக் காட்ட வேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் செய்து, பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு இன்னொன்றும் காட்டி, மக்களுக்கு எது பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். யாருக்கு எது போக வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கக் கூடாது, கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும். இதற்கு ஏ/பி டெஸ்டிங் என்று பெயர். கோழிக்குக் கம்பு போட்டால் வருகிறதா, அரிசி போட்டால் வருகிறதா என்று பார்க்கிற அதே வேலைதான். இங்கே பார்க்கிறவர்களுக்கு ஏசி அறையும் சக்கரம் வைத்த நாற்காலியும் கொடுத்திருப்பார்கள்.

மேனேஜர் அப்போது தெரிந்துகொள்ளத் துடித்தது ஒன்றே ஒன்றுதான். அழைப்போடு சேர்த்து "வருகிறீர்களா?" என்று கேட்டால் நல்லதா, கேட்காமல் விட்டால் நல்லதா? ஏ மாதிரியில் அழைப்புக்குக் கீழே "வருகிறேன்", "வர இயலாது" என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். "வருகிறேன்" என்று அமுக்கினால் "எத்தனை பேர்?" என்று ஒரு கட்டம் திறக்கும். நடுவில் எண், ஒரு பக்கம் பிளஸ், இன்னொரு பக்கம் மைனஸ். பி மாதிரியில் கேள்வியே கிடையாது. பிள்ளையார் படம், மண்டபத்தின் பெயர், "குடும்பத்துடன் வந்திருந்து வாழ்த்துங்கள்", அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. எங்கள் செயலியை அப்போது உபயோகித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆபீஸிலேயே இருந்தார்கள். மீட்டிங்கில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்த சமயத்தில் நான் கையைத் தூக்கினேன்.

"சார், எங்க அக்காவுக்குக் கல்யாணம். நானூறு போன் நம்பர் இருக்கு."

மேனேஜர் என்னைப் பார்த்த அந்தப் பார்வையை நான் பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்தில். கல்யாண வேலையைச் சாக்காக வைத்து ஊருக்கு வந்து, அக்காவின் தையல் மிஷின்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அங்கிருந்தே வேலை பார்த்தேன். அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தார். பத்திரிகை வைக்க ஊர் ஊராக அலைய முடியாத நிலைமை. அதனால் போனில் அனுப்பலாம் என்று நான் சொன்னதும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. அம்மாதான் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"மொதப் பத்திரிகை கொலசாமிக்கு. ரெண்டாவது எந் தம்பிக்கு. வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் கார் வச்சுப் போயி தட்டு வச்சு அழைச்சுட்டு வந்துருவோம். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் நீ எதையும் அனுப்பக் கூடாது. தெரியுதா?"

தெரிந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் ராசு மாமா, கொடும்பாளூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வராமல் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் மணவறை ஏறுவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? ஆனால் மேனேஜருக்கு வெள்ளிக்கிழமையே முடிவு கையில் வேண்டுமாம். அன்றைக்குத்தான் என் ஆறு மாதக் கணக்கும் பார்க்கிறாராம். மாமா நம்பரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வேண்டியவர் என்று ஒருவரை எடுத்தால் சோதனையின் நேர்மை கெட்டுவிடும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டு, புதன்கிழமை காலை பத்து மணிக்கு நானூறு பேருக்கும் ஒரே அமுக்கில் அனுப்பிவிட்டேன்.

முதல் பதில் கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்தது. அங்கே மீன் வியாபாரம் செய்யும் காதர் பாய், அப்பாவுக்கு இருபது வருடப் பழக்கம். "வருகிறேன். 4 பேர்." நான் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினேன். இதைத்தானே கேட்டோம்! ஒரு மனிதர் கேள்வியைப் படித்து, வீட்டில் எத்தனை பேர் என்று யோசித்து, பதில் சொல்லியிருக்கிறார். (அன்றைக்கு ஒழுங்காக வந்த பதில் அது ஒன்றுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.)

பதினொன்றரைக்கு ராசு மாமாவிடமிருந்து பதில் வந்தது.

"வருகிறேன். -4 பேர்."

புத்தியுள்ள பெண்ணாக இருந்தால் அந்த இடத்திலேயே மாமாவுக்குப் போன் செய்திருப்பாள். எனக்குச் சந்தோஷம் பொங்கியது. பிழை! எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது! ஐந்து மாத வேலையில் நானாகக் கண்டுபிடித்த முதல் பிழை. உடனே ஆபீஸில் இருந்த பிரகாஷைக் கூப்பிட்டேன். எங்கள் செயலியின் கோளாறுகளைச் சரிசெய்வது அவன் வேலை.

"பிரகாஷ், எங்க மாமா கைதவறி மைனஸை அமுக்கிட்டாரு. ஒண்ணுக்குக் கீழ போகாம பண்ணு. மேலயும் ஒரு அளவு வை, பத்து போதும். ஏற்கனவே கீழ போனதெல்லாம் ஒண்ணா மாத்திரு."

அரை மணி நேரத்தில் செய்துவிட்டான். மேனேஜர் எல்லோரும் பார்க்கிற குழுவில் "தேன்மொழிக்குப் பாராட்டுகள்" என்று போட்டு மூன்று கைதட்டல் படம் வைத்தார். நான் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன். இன்னும் வைத்திருக்கிறேன், ஏன் அழிக்க வேண்டும்?

அதற்குள் தெருவில் வேறு கூத்து தொடங்கியிருந்தது. நாங்கள் படித்த பாடத்தில், இந்த மாதிரிச் சோதனையில் ஏ கூட்டத்துக்கு பி என்ற ஒன்று இருப்பதே தெரியக் கூடாது என்று இருக்கும். ஒவ்வொருவரும் அவரவர் போனை அவரவர் மட்டும் பார்ப்பார்கள் என்று நம்புகிற ஆட்கள் எழுதிய பாடம் அது. எங்கள் ஊரில் போன் என்பது தனிச் சொத்து கிடையாது. பத்து மணிக்கு வந்த அழைப்பு பத்தரைக்கு டீக்கடைப் பெஞ்சில் இருந்தது. அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் தன் போனைத் தூரப் பிடித்து "வருகிறீர்களா"வைப் படித்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய சொந்தத் தம்பி, "எனக்கு அப்புடி இல்லையே, குடும்பத்தோட வாங்கன்னுல்ல இருக்கு" என்றாராம். அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பதினோரு மணிக்குள் எங்கள் சொந்தம் முழுவதும் மரியாதையாகக் கூப்பிடப்பட்டவர்கள், சந்தேகத்தோடு கூப்பிடப்பட்டவர்கள் என்று இரண்டு சாதியாகப் பிரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பிரித்தது கம்ப்யூட்டர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? "தேனுதான் பாத்துப் பாத்துப் பிரிச்சிருக்கா" என்றார்கள்.

மூன்று மணிக்கு மாமாவின் மனைவி செல்லம் அத்தை அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா கையில் மாவு ஒட்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். அதனால் வீடு முழுக்கக் கேட்டது.

"அண்ணி, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. காலையில போன் வந்ததுலேர்ந்து அவரு பச்சத்தண்ணி குடிக்கல. எனக்கு வந்ததுல பிள்ளையாரு படம் போட்டு, குடும்பத்தோட வாங்கன்னு அழகா இருக்கு. அவருக்கு வந்ததுல வருவியா மாட்டியா, எத்தன பேருன்னு கேட்டுருக்கு. 'கூடப் பொறந்தவனுக்குக் கேள்வி, கட்டிக்கிட்டு வந்தவளுக்கு மரியாதையா?'ங்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

"நாங்க நாலு பேரு அண்ணி, அவரு, நானு, ரெண்டு புள்ளைங்க. 'சோத்துக்கு ஆள எண்ணுறாங்கள்ல, அவங்க கணக்குலேர்ந்து நம்ம நாலு பேரயும் கழிச்சுட்டேன்'னு சொல்லிட்டாரு. அதோட விட்டுருந்தாலும் போயிட்டுப் போகுது. மத்தியானம் கடையில நாலு பேருகிட்ட காட்டுவோம்னு தெறந்தா, அதுல ஒண்ணுன்னு மாறிக் கெடக்கு! 'பாத்தியா, ஒரு ஆளு வந்தாப் போதும்னு அங்கேர்ந்தே திருத்தி அனுப்பிட்டாங்க'ன்னு ஒக்காந்துட்டாரு."

என் முதல் பிழையின் கதை இதுதான். பிழை செயலியில் இல்லை. மாமா கை தவறவும் இல்லை. அவர் எண்ணியெண்ணி, நிதானமாக, நாலு தடவை கழித்திருக்கிறார். எங்கள் செயலிக்கு அதுவரை வந்த பதில்களிலேயே நன்றாக யோசித்துச் சொன்ன பதிலை நான் ஆள் வைத்து அழித்திருக்கிறேன்.

"அந்த ஒண்ண யாருடி போட்டது?" என்றாள் அம்மா.

"பிரகாஷ்." (பொய் இல்லையே.)

"அவன் யாருடி எந் தம்பிய எண்ணுறதுக்கு? கல்யாண வீட்டுல எவளாவது எலைக்கு ஆள எண்ணுவாளா? வாங்கன்னு கூப்புட்டா வந்தவங்களுக்குப் போடணும். வருவியா மாட்டியான்னு கேட்டா, வராதன்னு அர்த்தம்!"

அப்பா கட்டுப்போட்ட காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு, "கால் நல்லாருந்தா நானே நேர்ல போயிருப்பேன்" என்றார்.

கடைசியாகப் பேசியது அக்கா. சத்தம் போடவில்லை. தையல் மிஷினிலிருந்து என் லேப்டாப்பை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"மாமா மாலை போட்டு அழைச்சுட்டு வராம நான் மணவறையில ஏற மாட்டேன். பத்து நாளுதான் இருக்கு. மாப்ள வீட்டுல நீயே போயிச் சொல்லிக்க."

அக்கா சொன்னால் சொன்னதுதான். சின்ன வயதில் என்மேல் கோபம் வந்து நாற்பது நாள் பேசாமல் இருந்தவள்.

மறுநாள் காலை அம்மா ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், பத்திரிகை எல்லாம் வைத்து, துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். "மொதல்ல நீ போயி அவன் கோவத்த எறக்கு. நாங்க பொறகு வாரோம்." ஆவுடையார்கோவிலிலிருந்து அறந்தாங்கி, அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து கொடும்பாளூர். மூன்று பஸ். இந்த மூன்று பஸ்ஸை மிச்சம் பிடிக்கத்தான் நாங்கள் செயலியே செய்தோம் என்பதை நினைத்து எனக்கு அறந்தாங்கி வரை அழுகை வந்தது. புதுக்கோட்டை வந்ததும் கோபம் வந்தது. கொடும்பாளூரில் இறங்கும்போது கோபம் மட்டும்தான் இருந்தது.

மாமா கடையில் கழற்றிப்போட்ட மோட்டார்களுக்கு நடுவே உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். மோட்டார் வாங்க வந்த இரண்டு பேர் பெஞ்சில் இருந்தார்கள். அத்தை மாமாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு வந்திருந்தார். நான் வாசலில் நின்றேன். மாமா "வா" என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பகையாளி வந்தால்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவார்கள்.

மாமா தலையைத் தூக்காமல் அத்தையிடம் சொன்னார். "செல்லம், யாரோ வந்துருக்காங்க. எத்தன பேருன்னு கேட்டு எழுதிக்க."

"ஒரு ஆளுதான் மாமா" என்றேன்.

"ஒண்ணா? சரியாத்தான் இருக்கு. அதுலயும் ஒண்ணுன்னுதான் இருந்துச்சு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விளக்கத் தொடங்கினேன். இரண்டு விதம் இருக்கிறது, நான் பிரிக்கவில்லை, கம்ப்யூட்டர்தான் பிரித்தது, நாணயம் சுண்டுகிற மாதிரி என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"பூவா தலையா போட்டு என்னயக் கூப்புட்டியா?" என்றார் மாமா.

கம்பியைச் சுற்றிக்கொண்டே அடுத்த கேள்வியையும் போட்டார்.

"எதுக்கு ரெண்டு விதம்?"

"எது நல்லாருக்குன்னு பாக்கத்தான் மாமா."

"பாத்தியா?"

"பாத்துக்கிட்டு இருக்கோம்."

"அத எதுக்குப் போன்ல பாக்குற? ஆளு எதுக்கத்தான் ஒக்காந்துருக்கேன். மொதல்ல எனக்கு வந்த மாதிரி கூப்புடு. பொறகு ஒங்க அயித்தைக்கு வந்த மாதிரி கூப்புடு. எது நல்லாருக்குன்னு இவங்களே சொல்லட்டும்."

பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்துக் கையில் ஏந்திக்கொண்டேன். சவால் விட்டால் விட்டதுதான், எனக்கும் அதே குடும்பத்து ரத்தம்தான்.

"மாமா, எங்க அக்கா கல்யாணத்துக்கு வருகிறீர்களா? வருகிறேன், வர இயலாது. எத்தனை பேர்?"

பொத்தான்களையும் விடாமல் படித்தேன். பெஞ்சில் இருந்த ஒருவர் நாக்கைத் தட்டி "ச்சு" என்றார். திரையில் பார்த்தபோது எவ்வளவு சுத்தமாக இருந்த வாசகம், தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயால் சொல்லும்போது எனக்கே கூசியது. உடனே அடுத்ததைச் சொன்னேன்.

"மாமா, குடும்பத்தோட வந்துருந்து வாழ்த்துங்க."

"ரெண்டாவதுதான் நல்லாருக்கு" என்றார் பெஞ்சில் இருந்தவர். இன்னொருவர் தலையாட்டினார். மாமாவும் ஆட்டினார். (சோதித்தது மூன்றே பேரிடம். ஆனால் தீர்ப்பு ஒருமனதாக வந்தது.)

இந்த இடத்தில் நான் தாம்பாளத்தைக் கீழே வைத்து, மாமா காலில் விழுந்துவிட்டு வந்திருக்க வேண்டும். அம்மா அதற்குத்தான் அனுப்பினாள். ஆனால் மூன்று பஸ் மாறி வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காமல் நிற்க வைத்துப் பரீட்சை வைக்கிறார்களே என்று உள்ளே ஏதோ கொதித்தது. நாலு வருடமாக வெளியே சொல்லாமல் வைத்திருந்த ஒன்று வாயிலிருந்து வந்துவிட்டது.

"நல்லாத்தான் மாமா இருக்கு. இந்த ரெண்டாவது மாதிரி கூப்புட்டுத்தான நீங்களும் ஒங்க வீட்டுக் காதுகுத்துக்கு எல்லாரையும் கூப்புட்டீங்க? எத்தன பேரு வந்தாங்க? எத்தன பேருக்குச் சோறு இருந்துச்சு?"

கம்பி சுற்றுகிற கை நின்றது.

"கடைசிப் பந்தியில எனக்கு எலையில என்ன விழுந்துச்சு தெரியுமா? ஊறுகாயும் ரசமும். ரெண்டாவது தடவ ரசம் கேட்டப்ப வெறும் தண்ணிதான் வந்துச்சு. எனக்குப் பக்கத்துல ஒக்காந்துருந்தவங்க எலைய மூடிட்டு எந்திரிச்சுப் போனாங்க. நான் மூடல, குடிச்சேன். நீங்க வெக்கப்படுவீங்கன்னு இன்னைக்கு வரைக்கும் அம்மாகிட்டகூடச் சொல்லல. எத்தன பேருன்னு கேட்டது ஒங்களக் கழிக்கிறதுக்கா மாமா? வந்தவங்க யாரும் அப்புடி எந்திரிச்சுப் போகக் கூடாதுன்னுதான் கேட்டேன்!"

சொல்லி முடித்ததும் பயந்துவிட்டேன். ஒருவருடைய விசேஷத்தில் சோறு பற்றவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே, அதுவும் இரண்டு வெளியாட்கள் முன்னால் சொல்வது எங்கள் பக்கத்தில் கொலைக்கு அடுத்தபடி. கல்யாணம் நின்றேவிட்டது என்று நினைத்தேன். அக்காவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அத்தை மாமா பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னேன்ல? அன்னைக்கே சொன்னேன்ல? ஒரு வார்த்த கேட்டுக்கங்க, கேட்டுக்கங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். 'வந்தவங்களுக்குப் போடுவோம்'னீங்க. எங்கேர்ந்து போட்டீங்க?"

மாமா கையிலிருந்த கம்பியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"செல்லம், புள்ளைக்குத் தண்ணி குடு" என்றார்.

தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மாமா போனை எடுத்துச் செயலியைத் திறந்தார். "கேட்டுட்டீல? பதில் சொல்றேன்" என்று பிளஸை அமுக்கத் தொடங்கினார். பத்து வந்ததும் நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினார், நகரவில்லை. முகம் மாறியது.

"இது என்ன, பத்துப் பேருக்கு மேல வரக் கூடாதா?"

நான் அலறி அடித்துக்கொண்டு போன் செய்தேன். "பிரகாஷ், அந்தப் பத்தை எடு. இப்பவே எடு. எங்க மாமா அமுக்கிக்கிட்டு நிக்கிறாரு."

"எவ்வளவு வைக்கட்டும்?"

"அளவே வைக்காத!"

"திருத்துற பய அவந்தானா? குடு இங்க" என்று மாமா போனை வாங்கினார். "தம்பி, நான் கழிச்சா அது கழிச்சதுதான். நீ திருத்தக் கூடாது. புரியுதா?"

"சரிங்க மாமா" என்றான் பிரகாஷ். அவன் இன்றைக்கும் அவரை மாமா என்றுதான் சொல்கிறான்.

பூட்டுத் திறந்ததும் அத்தை வீடு வீடாகச் சொல்லச் சொல்ல, மாமா அமுக்கிக்கொண்டே போனார். மேலத்தெருவில் அஞ்சு, பெரிய வீட்டில் ஒன்பது, அத்தையின் தங்கை வீட்டில் ஆறு. பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் அங்கேயே அழைக்கப்பட்டு அங்கேயே சேர்க்கப்பட்டார்கள். எண்பத்தாறில் மாமா நிறுத்தினார். என்னை ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை அமுக்கினார். எண்பத்தேழு.

தாம்பாளத்தை மட்டும் வாங்கவில்லை. "அத ஒங்க அம்மா கையாலதான் வாங்குவேன். நாளைக்கு வரச் சொல்லு" என்றார். நான் வாடிய வெற்றிலையோடு மறுபடி மூன்று பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவும் அப்பாவும் போய் முறைப்படி அழைத்துவிட்டு வந்தார்கள். அதே நேரம் நான் லேப்டாப் முன்னால் மேனேஜரிடம் முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் விருந்தாளியிடம் எத்தனை பேர் என்று கேட்பதைவிட அவரை அழைக்காமல் இருப்பது மேல். ஆனாலும் யாராவது கேட்டே தீர வேண்டும். கோபம் வந்தால் கழிப்பதற்கு மைனஸும் கட்டாயம் வேண்டும் என்றேன். "தெளிவாக ஒரு முடிவு சொல்லுங்கள்" என்றார். இதுதான் தெளிவு என்றேன். என் வேலை நிரந்தரமாவதை மூன்று மாதம் தள்ளிப் போட்டார்கள். தள்ளட்டும், சொன்னதில் ஒரு வார்த்தையை மாற்றவில்லை.

கல்யாணத்தன்று காலை மண்டப வாசலில் ஒரு பஸ்ஸும் ஒரு வேனும் வந்து நின்றன. பட்டு வேட்டியோடு முதலில் இறங்கிய மாமா, சந்தனக் கிண்ணத்தோடு நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"எண்ணிக்க. ஒண்ணு கொறஞ்சாலும் கேளு."

மாப்பிள்ளை வீட்டார் பார்க்க, நாதஸ்வரக்காரர் பார்க்க, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணினேன். விடுவேனா? பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் புதுச் சட்டையில் இறங்கினார்கள். கடைசியாக அத்தை இறங்கினார்.

"எண்பத்தாறுதான் மாமா இருக்கு. ஒண்ணு கொறையுது!"

"கொறையாது. பந்தியில பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார். அக்காவுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தார். அக்கா மேடை ஏறும்போது கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து முறைத்தாள். பிறகு சிரித்தாள்.

தாலி கட்டி முடிந்து முதல் பந்தி போட்டார்கள். மாமா கூட்டம் நீளமாக உட்கார்ந்திருந்தது. நான் தண்ணீர் வைத்துக்கொண்டு போனேன். மாமாவுக்குப் பக்கத்தில் ஒரு இலை ஆளில்லாமல் விரித்துக் கிடந்தது. யாரையும் அதில் உட்கார விடாமல் மாமா கையால் மறித்துக்கொண்டிருந்தார்.

"ஒக்காரு" என்றார்.

"பொண்ணு வீட்டு ஆளுங்க நாங்க கடைசிப் பந்திதான மாமா?"

"நீ எங்க கணக்குல வந்தவ. எண்பத்தேழாவது ஆளு நீதான். அன்னைக்கு எங்க வீட்டுல தண்ணி ரசத்தோட எந்திரிச்சேன்னு சொன்னேல்ல? இன்னைக்குப் பாயாசம் வராம நீ எந்திரிக்கக் கூடாது."

கையிலிருந்த தண்ணீர் ஜக்கை யார் வாங்கினார்கள் என்று எனக்கு நினைவில்லை. உட்கார்ந்தேன். சாம்பாரிலிருந்து பாயாசம் வரை அழுதுகொண்டே சாப்பிட்டேன், அதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ரசம் வந்தபோது மாமா எட்டிப் பார்த்து, "கெட்டியா இருக்கா?" என்றார். இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் "கோபமாக இருக்கிறார்" என்று சொல்வதில்லை. "மைனஸ்ல இருக்காரு" என்பார்கள். அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாத நாட்களில் அக்கா போன் செய்து, "வீட்டுல இன்னைக்கு எத்தன பேரு?" என்று கேட்பாள். "மைனஸ் ரெண்டு" என்பேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போன பெரியப்பா இன்னமும் மைனஸில்தான் இருக்கிறார், ஆனால் எல்லா விசேஷத்துக்கும் வந்து முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார்.

இப்போது எனக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். பத்திரிகை அடிக்கிற அன்றைக்கே என் போனையும் லேப்டாப்பையும் பீரோவில் வைத்துப் பூட்டப்போவதாக அம்மா சொல்லியிருக்கிறாள். பூட்டிப் பார்க்கட்டும். எத்தனை பேர் என்று நான் கேட்கத்தான் போகிறேன். போன வாரம் ராசு மாமாவிடமும் அதையே சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன்.

"கேளு. யாரு வேணாம்னா?" என்றார். "ஆனா அந்த மைனஸ எடுத்துட்டாங்களாமே, பிரகாஷ் சொன்னான். எனக்கு மட்டுமாவது அதத் திரும்ப வைக்கச் சொல்லு. கோவம் வந்தா நான் எங்கிட்டுப் போயி அமுக்குறது?"